24 மணி நேரச் சிறுநீர், அட்ரீனல் சுரப்பி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில், ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் பழைய சாலையில் இருக்கிறது எங்கள் சுங்கை சிப்புட். சுற்றிலும் தோட்டங்கள்தான். அப்போது பால்மரம், அதாவது ரப்பர், இப்போது பெரும்பாலும் செம்பனை. நான் அரசாங்க ஆஸ்பத்திரி லாபில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டாக்டர் இல்லை. ஆனால் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், ஒரு நாள் சிறுநீரைப் பிடித்து வர ஒரு பெரிய பிளாஸ்டிக் போத்தலைக் கையில் வாங்கிக்கொண்டு திரும்பி வருகிறவர்கள் நேரே என்னிடம்தான் வருகிறார்கள். கோப்பிக் கடையிலும் கோயில் வாசலிலும் திரும்பத் திரும்பச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். இது டாக்டர் சொல்வதற்கு மாற்று இல்லை.

இந்தச் சோதனையில் எதைத்தான் பார்க்கிறார்கள்?

இரண்டு சிறுநீரகங்களின் தலையிலும் தொப்பி வைத்ததுபோல் ஆளுக்கொரு சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. பெயர் அட்ரீனல். ஒவ்வொன்றும் நாலைந்து கிராம்தான் இருக்கும். அதன் வெளிப்பகுதி கொழுப்பை, அதாவது கொலஸ்ட்ராலை, எடுத்து ஸ்டீராய்டு ஹார்மோன்களைச் செய்கிறது. கார்ட்டிசால் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் தாங்கிப் பிடிக்கும், காய்ச்சல், அடிபடுதல் போன்ற நெருக்கடியில் உடம்பை நிறுத்தி வைக்கும். அல்டோஸ்டிரோன் உப்பைப் பார்த்துக்கொள்ளும். மூன்றாவது வகை ஆண்தன்மை ஹார்மோன்கள். பெண்களுக்கும் கொஞ்சம் சுரக்கும்.

கார்ட்டிசால் கூடினால் குஷிங் நோய்க்குறி. ஹார்வி குஷிங் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1912இல் எழுதி வைத்தது. அல்டோஸ்டிரோன் கூடினால் கான் நோய்க்குறி, ஜெரோம் கான் என்ற மருத்துவர் 1955இல் எழுதியது. சுரப்பியே படுத்துவிட்டால் அடிசன் நோய், தாமஸ் அடிசன் என்ற ஆங்கில மருத்துவர் 1855இல் எழுதியது. அடிசன் பார்த்த நோயாளிகளில் பலருக்குச் சுரப்பியை அழித்தது காசநோய்.

வேலை முடிந்த ஹார்மோனைக் கல்லீரல் தண்ணீரில் கரையும்படி மாற்றிவிடும், சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். கார்ட்டிசாலில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவுதான் உருமாறாமல் அப்படியே வருகிறது. குஷிங் சந்தேகத்தில் அந்தக் கொஞ்சத்தைத்தான் அளக்கிறார்கள். உருமாறி வருகிற மிச்சத்தையும் தனித்தனியாகப் பிரித்து அளந்தால் அதற்கு ஸ்டீராய்டு புரொஃபைல் என்று பெயர்.

ரத்தம் எடுத்தால் போதாதா? எதற்கு ஒரு நாள் முழுக்கப் பிடித்து வைக்கணும்?

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் எடுக்கும் இடத்துக்கு, எத்தனை பேர் வந்தார்கள் என்று தலை எண்ணுவது ஒன்று. வெட்டு முடிந்து பாலை நிறுப்பது இன்னொன்று. அன்றைக்கு என்ன வேலை நடந்தது என்று தெரிய வேண்டுமானால் பாலை நிறுக்கத்தான் வேண்டும். ரத்தம் தலை எண்ணுவது மாதிரி, ஒரு நாள் சிறுநீர் பாலை நிறுப்பது மாதிரி.

கார்ட்டிசால் விடிகாலையில் உச்சத்தில் இருக்கும், நள்ளிரவில் அடியில் கிடக்கும். காலை எட்டு மணிக்கு ஊசி குத்தினால் நல்ல ஆளுக்கும் அதிகம்தான். ஊசியைப் பார்த்துப் பயந்தாலும் கொஞ்சம் ஏறும். அதோடு, ரத்தத்தில் ஓடும் கார்ட்டிசாலில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு போகிறது. கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கு அந்தப் புரதம் கூடிவிடும். ரத்தத்தில் எண் பெரிதாகத் தெரியும், நோய் இருக்காது. சிறுநீருக்கு வருவது ஒட்டாத பங்கு மட்டும். ஆகவே இந்தக் குழப்பம் அதில் இல்லை.

ஆனால் சுரப்பி குறைவாக வேலை செய்கிறதா என்று பார்க்கச் சிறுநீர் உதவாது. அதற்குக் காலை ரத்தமும், அட்ரீனலைத் தூண்டும் சினாக்தென் என்ற மருந்தை ஊசியாகப் போட்டு, அதன் பிறகு திரும்பவும் எடுக்கும் ரத்தமும்தான் வழி.

எப்படிப் பிடிப்பது? சரியாகச் சொல்லுங்கள்.

ஒரு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காலை ஆறு மணி என்று வைத்துக்கொள்வோம். ஆறு மணிக்குப் போகும் முதல் சிறுநீரைக் கழிப்பறையில் விட்டுவிட வேண்டும். அது ராத்திரி சேர்ந்தது, நேற்றைய கணக்கு. அதற்குப் பிறகு பகலிலும் இரவிலும் போவது எல்லாம், ஒரு சொட்டு விடாமல், போத்தலுக்குள். மறுநாள் காலை அதே ஆறு மணிக்கு எழுந்து, வருகிறதோ இல்லையோ, ஒருமுறை போய் அதையும் சேர்த்து மூடிவிட வேண்டும். ஆரம்பித்த நேரம், முடித்த நேரம் இரண்டையும் லேபிளில் எழுதுங்கள்.

தவறு நடப்பது பெரும்பாலும் இரண்டு இடத்தில். முதல் சிறுநீரையும் சேர்த்து ஊற்றிவிடுவார்கள். அல்லது மலம் கழிக்கும்போது கூடவே போனதை மறந்துவிடுவார்கள். முதலில் சிறுநீரைப் பிடித்துவிட்டு அப்புறம் உட்காருங்கள்.

நடுவில் ஒருமுறை தவறிவிட்டது என்றால் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். நானும் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் ஆஸ்பத்திரியில், பெயர் வேண்டாம், ஒருவர் அறுநூறு மில்லிலிட்டர் கொண்டுவந்து “முழுசா பிடிச்சேன் தம்பி” என்றார். நானும் வாங்கி வைத்துக்கொண்டேன். கார்ட்டிசால் குறைவாக வந்தது, எல்லாம் சரி என்று ஆளை அனுப்பிவிட்டார்கள். பின்னால் மூத்தவர் ஒருவர் கிரியாட்டினினைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். தசையிலிருந்து வரும் கழிவு அது. ஒரே ஆளுக்குத் தினமும் ஏறக்குறைய ஒரே அளவுதான் போகும். அந்தப் போத்தலில் பாதிகூட இல்லை. மனிதர் வேலைக்குப் போன இடத்தில் மரத்தடியில் போய்விட்டு, வீட்டில் போனதை மட்டும் பிடித்திருக்கிறார்! நீங்கள் சொல்லாவிட்டாலும் கிரியாட்டினின் சொல்லிவிடும், ஆனால் யாராவது அதைப் பார்த்தால்தான்.

ஞாயிறு காலை ஆரம்பித்துத் திங்கள் காலை லாபில் கொடுப்பது நம் ஊருக்குச் சரிப்பட்டு வரும். விசேஷ நாட்களில் வேண்டாம். மாதவிலக்கு நாட்களிலும் வேண்டாம்.

ஐஸ்பெட்டியில் (ஃபிரிட்ஜில்) வைக்கச் சொல்கிறார்கள். சாமிக்கு வைக்கிற பால் அங்கேதானே இருக்கிறது?

எங்கள் அம்மாவும் இதைத்தான் கேட்டார். குளிர்ச்சியில் வைக்கச் சொல்வது கிருமி பெருகி ஹார்மோனைச் சிதைக்காமல் இருக்கத்தான். ஐஸ்பெட்டியே வேண்டும் என்று இல்லை. சந்தையில் மீன் வைக்கும் வெள்ளைப் பெட்டி ஒன்று, கடையில் இரண்டு பை ஐஸ், போத்தலைச் சுற்றிப் போட்டுக் குளியலறை மூலையில் வைத்துவிடுங்கள். ஐஸ் கரையக் கரைய மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

வெயிலில் வேலை. வியர்வையில் போய்விட்டால் சிறுநீர் குறையுமே?

குறையட்டும். அளக்கப்படுவது மொத்தமாகப் போன ஹார்மோன். தண்ணீர் குறைந்தால் அடர்த்தியாக வரும், கூட்டிப் பார்த்தால் கணக்கு அதேதான். ஆனால் “சோதனைதானே, நிறையப் பிடிக்கலாம்” என்று அன்றைக்கு மட்டும் ஐந்தாறு லிட்டர் தண்ணீர் குடிக்காதீர்கள். அவ்வளவு குடித்தால் சிறுநீரில் கார்ட்டிசால் பொய்யாகக் கூடும். வழக்கம்போல் குடியுங்கள்.

எண்ணெய் ஆலையில் இரவு ஷிப்ட். எனக்கு இது சரிவருமா?

உங்களுக்குத்தான் ரொம்பச் சரிவரும். நள்ளிரவு எச்சிலில் கார்ட்டிசால் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. இரவில் விழித்துப் பகலில் தூங்குகிறவருக்கு அது தாறுமாறாக வரும். முழுநாள் கூட்டலுக்கு இரவு பகல் வித்தியாசம் இல்லை.

என்ன மருந்து சாப்பிடுகிறோம் என்று எல்லாவற்றையும் சொல்லணுமா?

சொல்லணும். எந்தக் கேள்வியைத் தாண்டிப் போனாலும் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

அறுபது வயது தாண்டிய ஓர் அம்மா. முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர், முழங்கால் தேய்ந்துவிட்டது. பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், யாரோ விற்ற ஜாமு (மூலிகைச் சரக்கு) வாங்கிச் சாப்பிட்டார். ஒரே வாரத்தில் வலி பறந்துவிட்டது. பசி எடுத்தது. “ஆயா பூசினாப்பல ஆயிட்டாங்க” என்று பேரப்பிள்ளைகளுக்குச் சந்தோஷம். ஐந்தாறு மாதத்தில் முகம் உருண்டுவிட்டது, வயிறு தள்ளியது, கை கால் குச்சியானது. தொட்டால் தோலில் நீலம் பாய்ந்தது. இல்லாத சர்க்கரை வந்தது, பிரஷர் வந்தது. பார்த்தால் அப்படியே குஷிங். சிறுநீர் பிடிக்கச் சொன்னார்கள், ஒழுங்காகத்தான் பிடித்தார்.

கார்ட்டிசால் ஏறக்குறைய இல்லை என்று வந்தது.

உடம்பு முழுக்க அதிக ஸ்டீராய்டின் அடையாளம், சிறுநீரில் ஸ்டீராய்டே இல்லை. டாக்டர் திரும்பக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் பேசிய பிறகுதான் ஜாமு வெளியே வந்தது. ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்றதற்கு அந்த அம்மா சொன்ன பதில் எனக்கு இன்னும் மறக்கவில்லை: “மருந்து சாப்பிடுறீங்களான்னுதானே கேட்டாங்க? ஜாமு மருந்தா?”

மூட்டுவலிக்கு என்று பதிவில்லாமல் விற்கும் மருந்துகளில் டெக்ஸாமெத்தசோன் கலந்திருப்பது இந்த நாட்டில் புதிய செய்தி இல்லை. சுகாதார அமைச்சு அவ்வப்போது பெயர் போட்டு எச்சரிக்கிறது. டெக்ஸாமெத்தசோன் செயற்கை ஸ்டீராய்டு, கார்ட்டிசாலைப் போல இருபத்தைந்து மடங்குக்கு மேல் வலுவானது. அது உள்ளே வந்ததும் மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி “இங்கேதான் நிறைய இருக்கிறதே” என்று அட்ரீனலுக்குக் கட்டளை அனுப்புவதை நிறுத்திவிடும். அட்ரீனல் தூங்கிவிடும். லாப் அளப்பது உங்கள் உடம்பு செய்த கார்ட்டிசாலை. கடையில் வாங்கியது அந்தக் கணக்கில் வராது.

கலந்திருப்பது பிரெட்னிசோலோன் என்றால் தலைகீழ் வேடிக்கை. பழைய முறைச் சோதனை அதைக் கார்ட்டிசால் என்றே நினைத்துக்கொண்டு, எண்ணை ஏற்றிக் காட்டிவிடும். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் மூலக்கூறின் எடையைப் பார்த்துப் பிரிப்பதால் இரண்டையும் தனித்தனியே சொல்லும். ஆனால் எல்லா இடத்திலும் அந்த இயந்திரம் இல்லை.

ஆகவே ஜாமு, மஜூன் என்ற லேகியம், சீனக்கடைப் பொடி, முகம் வெளுக்கத் தடவும் கிரீம், ஆஸ்துமா பம்ப், தனியார் கிளினிக்கில் முட்டியில் போட்ட ஊசி, எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு டாக்டர் மேசையில் கொட்டிவிடுங்கள். பதிவு பெற்ற மருந்துக்கு எம்.ஏ.எல். (MAL) என்று தொடங்கும் எண் இருக்கும். பாரம்பரிய மருந்தென்றால் எண்ணுக்குப் பிறகு T என்ற ஆங்கில எழுத்து வரும். எண் அச்சடித்திருப்பதாலேயே நம்பிவிடவும் வேண்டாம். கள்ள எண்ணும் அச்சடிக்கிறார்கள். எந்த மருந்தாக இருந்தாலும் மூன்றே நாளில் பத்து வருட வலி பறந்தால், எனக்கு முதலில் வருவது சந்தேகம்தான்.

அய்யோ, நானும் அதைச் சாப்பிடுகிறேன். இன்றைக்கே நிறுத்திவிடவா?

வேண்டாம். தூங்கிப்போன அட்ரீனல் உடனே எழுந்திருக்காது. சில வாரம், சில பேருக்கு பல மாதம் ஆகும். திடீரென்று நிறுத்தினால் வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். பொட்டலத்தோடு டாக்டரிடம் போங்கள். அளந்த மாத்திரையாக மாற்றி, மெல்ல மெல்லக் குறைப்பார்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள்.

அதிமதுரம் தொண்டைக்கு நல்லதுதானே? அதுவும் பிரச்சினையா?

எப்போதாவது ஒரு துண்டு கடித்தால் ஒன்றும் இல்லை. தினமும் கஷாயம் வைத்து வாரக்கணக்கில் குடித்தால் கதை வேறு. சிறுநீரகத்தில் கார்ட்டிசாலைச் செயலிழக்க வைக்கும் ஒரு நொதி இருக்கிறது. அதிமதுரம் அதைத் தடுத்துவிடும். அப்போது கார்ட்டிசாலே அல்டோஸ்டிரோன் வேடம் போட்டு உப்பைப் பிடித்து வைக்கும்: பிரஷர் ஏறும், பொட்டாசியம் இறங்கும். புரொஃபைலில் கார்ட்டிசால் வழி வந்தவையும் கார்ட்டிசோன் (அந்த நொதி செயலிழக்க வைத்த கார்ட்டிசால்) வழி வந்தவையும் இருக்கும் விகிதம் புரண்டிருப்பதைப் பார்த்து லாப் கண்டுபிடித்துவிடும். சீனக்கடையில் இனிப்பாகக் கொடுக்கும் வேரும் இதே சாதிதான்.

வேறு என்னென்ன எண்ணை மாற்றும்? ஒருமுறை கூடி வந்தால் நோய் உறுதியா?

இல்லை. குஷிங்குக்குக் குறைந்தது இரண்டு முறை பிடிக்கச் சொல்வார்கள், ஏனென்றால் ஒரே ஆளுக்கே நாளுக்கு நாள் மாறும். கூடவே இரவு பதினொரு மணி வாக்கில் ஒரு மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் கொடுத்துக் காலையில் ரத்தம் பார்ப்பார்கள். நல்ல அட்ரீனல் அடங்கிவிடும், அடங்காதது காட்டிக்கொடுத்துவிடும். மனச்சோர்வு, கட்டுக்கடங்காத சர்க்கரை, அதிக உடல் எடை, தினசரி சம்சு (சாராயம்), இவை எல்லாம் கார்ட்டிசாலைக் கொஞ்சம் ஏற்றும். குடியைப் பற்றிக் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள், போலீஸ் கேட்கவில்லை. கர்ப்பிணிகளுக்குக் கடைசி மாதங்களில் மூன்று மடங்கு வரைகூடப் போகும். வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபைன் சில சோதனை முறைகளில் பொய்யாகக் கூட்டிக் காட்டும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு எதிர்ப்பக்கம்: நோய் இருந்தும் எண் குறைந்து வரும்.

அப்புறம், ஒரு லாப் எண்ணை இன்னொரு லாப் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். முறை மாறினால் எல்லையும் மாறும்.

பிரஷர் மூன்று மாத்திரைக்கும் அடங்கவில்லை, உப்பு கொடுத்துச் சிறுநீர் பார்க்கணும் என்கிறார்களே. பிரஷருக்கு உப்பா?

கேட்க வேடிக்கையாகத்தான் இருக்கும். அல்டோஸ்டிரோன் உப்பைச் சேமிக்கிற ஹார்மோன். நல்ல உடம்பில் உப்பு நிறைய வந்தால் அது ஒதுங்கிவிடும். சுரப்பியில் கட்டி இருந்தாலோ, சுரப்பி வீங்கியிருந்தாலோ யார் சொன்னாலும் கேட்காது. மூன்று நாள் உப்பு கூட்டிக் கொடுத்துவிட்டு 24 மணி நேரச் சிறுநீரைப் பிடிக்கிறார்கள். சோடியம் 200 மில்லிமோலுக்கு மேல் போயிருந்தும் அல்டோஸ்டிரோன் 12 மைக்ரோகிராமைத் தாண்டினால் கான் நோய்க்குறி உறுதி என்பது வழக்கமான எல்லை. முதலில் ரத்தத்தில் அல்டோஸ்டிரோனுக்கும், அதைத் தூண்டிவிடும் ரெனின் என்ற சிறுநீரகச் சரக்குக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்துவிட்டுத்தான் இதற்கு வருவார்கள். இதய, சிறுநீரக நோயாளிகளுக்கு இது ஆபத்து. நாமே வீட்டில் கருவாடு தின்று செய்துபார்க்கிற சோதனை இல்லை.

மகளுக்குப் பதினாறு வயது, முகத்தில் முடி, மாதவிலக்கும் ஒழுங்கில்லை. புரொஃபைல் எழுதிக் கொடுத்தார்கள்.

பெரும்பாலும் இது சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையாக இருக்கும், அதுதான் மிகப் பரவலானது. ஆனால் பிறவியிலேயே அட்ரீனலில் ஒரு நொதி குறைந்திருந்தாலும் இப்படி வரும். வாய்க்காலில் ஓர் இடம் அடைத்துக்கொண்டால் மேலே தேங்கும் தண்ணீர் வேறு பக்கம் பாயும் இல்லையா? கார்ட்டிசாலுக்குப் போக வேண்டிய சரக்கு ஆண்தன்மை ஹார்மோனாகத் திரும்பிவிடுகிறது. பத்தில் ஒன்பது பேருக்கு அடைபடுவது 21-ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதி. அப்படித் தேங்கும் சரக்கான 17-ஹைட்ராக்சிபுரோஜெஸ்டிரோன் ரத்தத்தில் கூடும், அது உருமாறி வரும் பிரெக்னன்ட்ரையால் சிறுநீரில் கூடும். எந்த மதகு அடைத்தது என்பதைப் புரொஃபைல் ஒரே பார்வையில் சொல்லும். இதில் விகிதமே முக்கியம் என்பதால், சின்னக் குழந்தைக்கு 24 மணி நேரம் தேவையில்லை. டயப்பரில் வைத்த பஞ்சைப் பிழிந்தாலே போதும்.

இதே நொதிக் குறை கைக்குழந்தையையும் தாக்கும். பிறந்து ஒன்றிரண்டு வாரத்தில் குழந்தை பால் குடிக்காமல், வாந்தி எடுத்து, துவண்டு போனால் போத்தல் கதையெல்லாம் பேசிக்கொண்டிருக்காதீர்கள், ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

வேறு எதற்கோ ஸ்கேன் எடுத்தார்கள், அட்ரீனலில் கட்டி என்றார்கள். புற்றுநோயா?

தற்செயலாகத் தெரியும் இந்தக் கட்டிகளில் பெரும்பாலானவை சாதுவானவை. வயதானவர்களிடம் சர்வசாதாரணம். புற்றுச் சுரப்பி ஸ்டீராய்டை முழுதாகச் செய்து முடிக்காது, பாதியில் விட்ட சரக்கு சிறுநீரில் கொட்டும். 2020இல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வில் 2,017 பேரைப் பார்த்தார்கள். கட்டி நான்கு சென்டிமீட்டருக்கு மேல், சி.டி. ஸ்கேனில் அடர்த்தி அதிகம், சிறுநீர்ப் புரொஃபைலும் அந்தப் பக்கம் என்று மூன்றும் சேர்ந்தால் சந்தேகம் பலமாகிறது என்று கண்டார்கள். சிறுநீரை மட்டும் வைத்து யாரும் கத்தி எடுப்பதில்லை.

என் போத்தலுக்குள் ஏற்கெனவே ஏதோ தண்ணீர் இருக்கிறதே?

அது ஆசிட். கொட்டாதீர்கள், முகராதீர்கள், நேரடியாக அதற்குள் போகாதீர்கள். ஒரு கோப்பையில் பிடித்து மெதுவாக ஊற்றுங்கள். இந்தப் போத்தல் பெரும்பாலும் ஸ்டீராய்டுக்கு இல்லை. அட்ரீனலின் உள்பகுதி செய்யும் அட்ரினலின் வகைகளுக்கு. திடீர் திடீரென்று படபடப்பு, வியர்வை, தலைவலி என்று வருகிறவர்களுக்குக் கொடுப்பார்கள். இரண்டு போத்தலும் கொடுத்திருந்தால் மாற்றி ஊற்றிவிடாதீர்கள்.

இணையத்தில் ‘அட்ரீனல் களைப்பு’ சோதனைப் பெட்டி விற்கிறார்களே?

அப்படி ஒரு நோயை ஹார்மோன் மருத்துவர்கள் ஒப்புக்கொள்வதில்லை. காசை வைத்துக்கொள்ளுங்கள். அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்), நிபுணரிடம் ஐந்து வெள்ளி.

முடிவு வர எத்தனை நாள்?

கார்ட்டிசால் மட்டும் என்றால் சீக்கிரம் வரலாம். புரொஃபைல் குறிப்பிட்ட சில லாபுகளில்தான் செய்கிறார்கள், அனுப்பி வாங்க வாரக்கணக்கில் ஆகும். அடுத்த தேதியை அதற்கேற்ற மாதிரிக் கேட்டு வாங்குங்கள். நடுவில் பழைய ஜாமுவை விட்ட ஒருவருக்கோ, ஸ்டீராய்டு மாத்திரையைக் குறைத்துக்கொண்டு வரும் ஒருவருக்கோ விடாத வாந்தி, எழுந்தால் தலைசுற்றல், நினைவு தடுமாற்றம் என்று வந்தால் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம். அவசரப் பிரிவுக்குப் போய், “ஸ்டீராய்டு சாப்பிட்டவர்” என்ற வார்த்தையை முதலில் சொல்லுங்கள். மற்ற கதையெல்லாம் ஊசி போட்ட பிறகு பேசிக்கொள்ளலாம்.